கிறிஸ்துவுக்குள் நீங்கள் யார்? புதிய விசுவாசிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன், ஞானஸ்நானமும் எடுத்துவிட்டேன். ஆனாலும் நான் தேவனுடைய பிள்ளை என்று சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது." சபைகளில் பலர் இப்படிச் சொல்வதைக் கேட்கிறோம். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து, திடப்படுத்தலும் முடித்து, சபையிலேயே வளர்ந்தவர்களிடமும் இதே தயக்கம் உண்டு. 'பிதாவே' என்று ஜெபத்தைத் தொடங்குவார்கள். எழுந்து வெளியே போகும்போது, என்றோ வீட்டில் யாரோ சொன்ன 'நீ ஒன்றுக்கும் உதவமாட்டாய்' என்ற பேச்சையே சுமந்துகொண்டு போவார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு வேதாகமமும் ஒரு நோட்டும் போதும். அவசரப்பட வேண்டாம். முதல் மூன்று படிகளுக்கும் படிக்கொரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை வாழ்நாள் முழுக்கத் தொடர்பவை.

முதல் படி: எபேசியர் நிருபத்தை முழுதாக வாசியுங்கள்

மொத்தம் 6 அதிகாரங்கள்தான். ஒரே அமர்வில் முடித்துவிடலாம். எழுதிய பவுல் அப்போது காவலில் இருந்தார். தம்மைக் கட்டுண்டவர் என்றே அந்த நிருபத்தில் சொல்லிக்கொள்கிறார். முதல் வாசிப்பில் எதையும் கோடிட வேண்டாம். மறுநாள் முதல் அதிகாரத்துக்குத் திரும்பி, தேவன் செய்ததாக அங்கே சொல்லப்படும் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஆசீர்வதித்தார், தெரிந்துகொண்டார், பிள்ளையாக ஏற்றார், மீட்டார், மன்னித்தார், ஆவியானவரால் முத்திரை போட்டார் என்று பட்டியல் நீளும். நம் பங்காக அங்கே இருப்பது சுவிசேஷத்தைக் கேட்டதும், விசுவாசித்ததும், அவர்மேல் நம்பிக்கை வைத்ததும்தான்.

விசுவாசி எப்படி நடக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்ற கட்டளைகள் நான்காம் அதிகாரத்தில்தான் வரிசையாக வரத் தொடங்குகின்றன. அதற்கு முன் மூன்று அதிகாரங்கள் முழுக்க, தேவன் செய்து முடித்ததைப் பற்றிய பேச்சு. நம்மில் பலருக்குக் கிறிஸ்தவ வாழ்க்கை நான்காம் அதிகாரத்திலிருந்தே கற்றுத்தரப்பட்டது: பொய் பேசாதே, கோபப்படாதே, ஆராதனைக்குப் பிந்தி வராதே. எல்லாம் சரியான போதனைதான். ஆனால் முதல் மூன்று அதிகாரங்களைத் தாண்டிக் குதித்தவர்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள், அல்லது மற்றவர்களைக் குற்றம் பார்க்கிறவர்களாக ஆகிவிடுகிறார்கள்.

பவுல் சொல்லும் புத்திரசுவிகாரம், அதாவது பிள்ளையாகத் தத்தெடுப்பது, அன்றைய வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம். ரோமச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவருக்குப் புதிய பெயரும், புதிய குடும்பமும், சொத்தில் உரிமையும் கிடைத்தன. பவுலின் காலத்தில் அரியணையில் இருந்த நீரோவே, கி.பி. 50இல் கிளாடியுஸ் பேரரசர் தத்தெடுத்த பிள்ளைதான். தத்துப்பிள்ளை என்பதால் அவனுடைய உரிமை அரைகுறையாகிவிடவில்லை. இந்த நிருபம் வாசிக்கப்பட்ட ஊர்களில் இருந்த ஓர் அடிமை, தானும் தேவனால் அப்படி ஏற்கப்பட்டவன் என்று கேட்டபோது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த ஆச்சரியத்தோடு அதை வாசிக்க வேண்டும்.

இரண்டாம் படி: உங்கள்மேல் ஒட்டியிருக்கும் பெயர்களை எழுதுங்கள்

இது வலிக்கும். ஆனாலும் செய்யுங்கள். நோட்டின் இடப்பக்கத்தில், மற்றவர்கள் உங்களுக்கு வைத்த பெயர்களையும் நீங்களே உங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்களையும் எழுதுங்கள். கறுப்பி, மலடி, தோற்றுப்போனவன், கடன்காரன், வாழாவெட்டி. எதையும் மென்மையாக்க வேண்டாம். உள்ளே கேட்கிற விதத்திலேயே எழுதுங்கள்.

பிறகு 2 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தைத் திறங்கள். சவுலின் பேரன் மேவிபோசேத். அவனுக்கு ஐந்து வயது இருக்கும்போது, யுத்தத்தில் தாத்தாவும் தகப்பன் யோனத்தானும் இறந்த செய்தி வருகிறது. தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடும் அவசரத்தில் அவன் விழுகிறான். இரண்டு கால்களும் முடமாகின்றன. அரண்மனையில் பிறந்தவன் லோதேபாரில், மாகீர் என்பவர் வீட்டில் ஒதுங்கி வாழ்கிறான். ராஜாவாகிய தாவீது அழைத்தனுப்பினால் அவனுக்கு என்ன தோன்றும்? பழைய அரச குடும்பத்தின் வாரிசைப் புதிய ராஜா தேடுவது கொல்வதற்காகத்தான் என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். தாவீதின் முன் விழுந்து, தன்னைச் செத்த நாய் என்று சொல்கிறான்.

தாவீது அந்தப் பெயரைப் பற்றி விவாதிக்கவே இல்லை. 'நீ அப்படி இல்லை, நீயும் திறமைசாலிதான்' என்று தேற்றவும் இல்லை. சவுலின் நிலங்களையெல்லாம் அவனுக்குத் திருப்பிக் கொடுத்து, தன் பந்தியில் அவனுக்கு இடம் வைக்கிறான். காரணம், யோனத்தானோடு செய்த உடன்படிக்கை. மேவிபோசேத் அதற்காக எதுவும் செய்திருக்கவில்லை. வேறொருவர் நிமித்தம் அந்தத் தயவு அவனைத் தேடி வந்தது. நமக்கும் இப்படித்தான், கிறிஸ்துவின் நிமித்தம்.

அந்த அதிகாரம் முடியும் விதத்தையும் பாருங்கள். அவன் நித்தமும் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டான் என்று சொன்ன கையோடு, இரண்டு காலும் முடமாகவே இருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார்கள். கால் குணமாகவில்லை. ஆனால் அவன் இடம் மாறிவிட்டது. இதை நினைவில் வையுங்கள், நான்காம் படியில் தேவைப்படும்.

இப்போது நோட்டின் வலப்பக்கத்தில், முதல் படியில் எழுதிய பட்டியலை இடப்பக்கத்துக்கு எதிரே எழுதுங்கள்.

மூன்றாம் படி: நிரூபிக்கும் பழக்கத்தை விடுங்கள்

இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து பிதாவின் சத்தம் கேட்டது. இவர் என் அன்பான மகன், இவரில் எனக்குப் பிரியம் என்ற பொருளில் அந்தச் சாட்சி. அதுவரை அவர் ஊழியத்தைத் தொடங்கியிருக்கவில்லை. ஒரு பிரசங்கம், ஒரு குஷ்டரோகி குணமானது, ஒரு சீஷன் கூட மத்தேயுவின் ஏட்டில் இன்னும் வரவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரம். சாத்தான் வைத்த முதல் இரண்டு சோதனைகளும் ஒரே இடத்தில்தான் குத்தின: நீர் மகன் என்றால் செய்து காட்டும். கல்லை அப்பமாக்கும், ஆலயத்து உச்சியிலிருந்து குதியும். இயேசு எதையும் செய்து காட்டவில்லை. எழுதப்பட்ட வார்த்தையைச் சொல்லி நின்றார்.

நாம் எங்கெல்லாம் செய்து காட்டிக்கொண்டிருக்கிறோம்? அதிக நேரம் உபவாசித்து, பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று, சத்தமாக ஜெபித்து, தேவனிடமும் சபையாரிடமும் ஒரு மதிப்பெண் வாங்கப் பார்க்கிறோம். இந்த வாரம் உங்கள் பக்திக் காரியங்களில் ஒன்றை யாருக்கும் தெரியாமல் செய்யுங்கள். ஒரு நாள் ஜெபிக்க முடியாமல் தூங்கிவிட்டால், மறுநாள் பரிகாரமாக இரட்டிப்பு நேரம் ஜெபிக்காதீர்கள். 'அப்பா' என்று கூப்பிட்டு வழக்கம்போலத் தொடங்குங்கள்.

நான்காம் படி: தயவு என்பது எது, எது இல்லை என்று அறியுங்கள்

இங்கேதான் புதிய விசுவாசிகள் அதிகமாக ஏமாற்றப்படுகிறார்கள். ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். தேவதயவு என்றால் கார், வீடு, வெளிநாட்டு விசா என்று பிரசங்கிப்பவர்களும், விதைக் காணிக்கை போட்டால் நூறு மடங்கு திரும்பும் என்பவர்களும் வேதத்தைத் திரிக்கிறார்கள். காணிக்கை நன்றியாகக் கொடுப்பது. அதைக் கொடுத்துத் தயவை வாங்க முடியாது.

யோசேப்பைப் பாருங்கள். சிறைச்சாலைத் தலைவனின் பார்வையில் கர்த்தர் அவனுக்குத் தயவு கிடைக்கச் செய்தார் என்கிறது ஆதியாகமம் 39. தயவு கிடைத்தது, கதவு திறக்கவில்லை. அவனோடு சிறையில் இருந்த பானபாத்திரக்காரன் விடுதலையாகி அவனை மறந்த பிறகு இன்னும் இரண்டு வருஷம் அவன் உள்ளேதான் இருந்தான். தேவனிடத்தில் கிருபை பெற்றவள் என்று தூதன் வாழ்த்திய மரியாள், பிள்ளையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினாள், எகிப்துக்கு ஓடினாள், கடைசியில் சிலுவையருகே நின்றாள். பவுல் தன் சரீரத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார். மேவிபோசேத்தின் கால் குணமாகாததைப் போல, முள்ளும் நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதில் வந்தது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்குவது நமக்குப் பழக்கம். அழகான பழக்கம். ஆனால் அதை அந்த வருஷத்து ராசிபலனாக ஆக்கிவிடாதீர்கள். எரேமியா 29இன் 11ஆம் வசனம் பல வீடுகளின் சுவரில் தொங்குகிறது. அது பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது அந்தக் கடிதம். அட்டையில் வந்த வசனத்தின் முழு அதிகாரத்தையும் ஜனவரி முதல் தேதியே வாசித்துவிடுங்கள். வாக்குத்தத்தம் அதனால் குறையாது, ஆழமாகும்.

மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டு, அடையும் தண்ணீரும் கொடுத்தான்.

ஐந்தாம் படி: சாதியை வாசலிலே விடாத அடையாளம் பொய்

தமிழ்க் கிறிஸ்தவரிடம் அடையாளத்தைப் பற்றிப் பேசிவிட்டுச் சாதியைப் பேசாமல் போவது நேர்மையாகாது. கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பிரிவு இல்லை என்று கலாத்தியர் 3 அறிவிக்கிறது. இந்த மண்ணில் அதை நம்பியவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு விசுவாசியும் தெரிந்துகொள்ள வேண்டும். தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மேலாடை அணிய உரிமை கேட்டார்கள். மிஷன் பள்ளிகளில் படித்து, குப்பாயம் என்ற மேல்சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்ட கிறிஸ்தவப் பெண்களைச் சந்தைகளில் வழிமறித்துத் துணியைக் கிழித்தார்கள், ஆலயங்களைக் கொளுத்தினார்கள். தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்து, 1859 ஜூலை 26 அன்றுதான் திருவிதாங்கூர் அரசு மேலாடைக்கு அனுமதி தந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டியிருந்தது. தேவன் தங்களைத் தம் சாயலில் படைத்தார் என்று நம்பிய பெண்கள் அதைத் தோளின்மேல் அணிந்துகொண்டு தெருவில் நடந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான வரலாறும் நமக்கு உண்டு. ஆலயத்துக்குள் சாதிவாரியாக உட்காருவதையும் திருவிருந்தில் சாதி வரிசை பார்ப்பதையும் உடனே கைவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டு விலகினார்கள். இன்றும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்திருக்கும் ஊர்கள் இருக்கின்றன. ஞாயிறு மணமகன், மணமகள் விளம்பரங்களில் 'பக்தியுள்ள' என்ற சொல்லுக்கு அடுத்து உட்சாதிப் பெயர் வருகிறது.

இந்தப் படியில் செய்ய வேண்டியது ஒன்றுதான். திருவிருந்தில் உங்கள் பக்கத்தில் முழங்கால்படியிடும் குடும்பத்தை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள், அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். உங்கள் பிள்ளைக்கு வரன் பார்க்கும் நாள் வரும்போது என்ன செய்வீர்கள் என்று இன்றே தீர்மானியுங்கள். நீங்கள் சாதியால் தாழ்த்தப்பட்டவர் என்றால், சபையில் உங்களுக்குரிய இடத்தை யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டாம். மேவிபோசேத்துக்குப் பந்தியில் இடம் தந்தது ராஜா. பந்தியில் இருந்த மற்றவர்களிடம் அவர் அனுமதி கேட்கவில்லை.

ஒவ்வொரு நாளும்

காலையில் போனைத் தொடுமுன் பரமண்டல ஜெபத்தின் முதல் வாக்கியத்தை மட்டும் மெதுவாகச் சொல்லி நிறுத்துங்கள். அன்றைக்கு எந்தப் பழைய பெயர் காதில் விழப்போகிறதோ, அதற்கு எதிரே வலப்பக்கத்தில் நீங்கள் எழுதியதை வாசியுங்கள். இரவில் குடும்ப ஜெபத்தில், பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுமுன் அவர்கள் பெயரைச் சொல்லித் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள். அவர்கள் காதுகேட்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை, நம்பிக்கையான ஒருவரோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள். இந்தப் பாதையில் தனியாக நடக்கிறவர்கள் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

விழுந்த நாளில் என்ன செய்வது

விழுவீர்கள். பேதுரு விழுந்தான், அதுவும் வெறும் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு முன். கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரைத் தெரியாது என்றான். யோவான் 21இல், உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, அவனுக்கு மீனும் அப்பமும் கொடுத்து, மூன்று தரம் அன்பைப் பற்றிக் கேட்டார். மூன்று தரமும் ஆடுகளை அவன் கையில் ஒப்படைத்தார். 'நீ எப்போதும் இப்படித்தான், இனி உனக்கு வழியில்லை' என்று உள்ளே ஒரு குரல் சொன்னால் அது ஆண்டவருடையது அல்ல. அவர் குறிப்பான ஒரு பாவத்தைக் காட்டுவார், அதிலிருந்து திரும்ப வழியும் காட்டுவார்.

அந்த வழி சில நேரம் மனிதர்களிடம் கொண்டுபோகும். எரிகோவில் வரிவசூலிப்பவனான சகேயுவை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன் வீட்டில் தங்க வருகிறேன் என்றார். அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, பாதிச் சொத்தை ஏழைகளுக்கும், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகவும் திருப்பித் தருவதாகச் சொன்னான். தயவு முன்னே வந்தது, பணம் பின்னே போனது. உங்களால் நஷ்டமோ அவமானமோ அடைந்தவர் யாராவது இருந்தால், இன்றைய ஜெபத்தை முடித்ததும் அவரைப் போய்ப் பாருங்கள்.