பால்வெட்டில் ஒரு பாடம்

நம் நாட்டுப் பள்ளிப் பாடத்திட்டத்தில் கணிமைச் சிந்தனை 2017ஆம் ஆண்டு முதல் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. ஒரு வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, தேவையற்றதை நீக்கி, படிகளை முறையாக வரிசைப்படுத்துவதே அச்சிந்தனையாகும்.

“கணினி அறியாத நாம் பிள்ளைக்கு எதைச் சொல்லித் தருவது?” எனப் பாலிக் புலாவ் வட்டாரத்துத் தோட்டப் பெற்றோர் தயங்க வேண்டுவதில்லை. பால்வெட்டையே காண்போம். பட்டை நனைந்திருந்தால் வெட்டலாகாது, இது நிபந்தனை. காய்ந்திருந்தால் ஒட்டுப்பாலை உரித்து, பட்டையை மெல்லச் சீவி, மங்கை வைக்க வேண்டும், இது வரிசை. நிரை முடியும்வரை மரந்தோறும் இவ்வாறே செய்தல் வேண்டும், இது மறுசெயல். கணினிக்குரிய கட்டளைகளும் இம்மூன்றாலேயே அமைகின்றன.

மங்கை வைக்கத் தவறினால் பால் மண்ணில் சிந்தும். கட்டளையில் ஒரு படி விடுபட்டாலும் விளைவு பிழையாகும்.

இன்றிரவு உங்கள் காலை வேலையைப் பிள்ளையிடம் கூறுங்கள். அதனைப் பிள்ளை படிப்படியாக எழுதட்டும். விடுபட்ட படியை நீங்கள் சுட்டிக்காட்டுங்கள். அப்பிழையைக் கண்டு திருத்துவதும் இப்பாடத்தின் ஒரு பகுதியே. அதனைக் கற்பிக்கும் தகுதி உங்களுக்கு உண்டு.