பைன் மரமும் வேர்ப்பங்கசும்: ஒன்றியவாழ்வுக்கு ஓர் உதாரணம்



பங்கசு என்றதும் பாணில் பிடிக்கும் பூஞ்சணமும் தோல் நோயுமே பலருக்கும் நினைவுக்கு வரும். "பங்கசு தீமை பயப்பது" என்று மட்டும் எழுதிப் புள்ளிகளை இழக்காதீர்கள். பங்கசின் துணையால் வளமற்ற மண்ணிலும் ஓங்கி வளரும் ஒரு மரத்தைப் பார்ப்போம்.

1. அறிமுகம்

ஸ்கொட்லாந்தின் சுதேச கூம்புளித் தாவரங்களுள் ஒன்று ஸ்கொட்ஸ் பைன். இது நைதரசனும் பொசுபரசும் குறைந்த அமில மண்ணிலும் வளரும். இதன் நுண்வேர்களுடன் பங்கசு இணைந்து உருவாகும் அமைப்பே வேர்ப்பங்கசு (மைக்கோரைசா) ஆகும். 1885இல் இப்பெயரை இட்டவர் ஜேர்மனியத் தாவரவியலாளர் பிராங்க்.

2. அமைப்பு

(அ) உறை: பங்கசிழைகள் நுண்வேரை உறைபோல் மூடும். அங்கு வேர்மயிர்கள் பொதுவாக உருவாவதில்லை.
(ஆ) ஹாட்டிக் வலை: இழைகள் வேரின் மேற்பட்டைக் கலங்களுக்கு இடையே வலையாகப் பரவும், கலங்களுக்குள் நுழையமாட்டா. பரிமாற்றம் நிகழும் இடம் இதுவே.
(இ) வெளியிழைகள்: வேர்மயிரிலும் மெல்லியவை. வேர் புகமுடியாத மண் இடைவெளிகளுக்குள்ளும் செல்லும்.

3. இரு பங்காளிகளும் பெறும் நன்மை

மரம் பெறுவது: நீர், பொசுபரசு, நைதரசன் முதலிய போசணைகள்.
பங்கசு பெறுவது: மரம் ஒளித்தொகுப்பால் ஆக்கிய வெல்லம். பங்கசில் பச்சையம் இல்லை என்பதை நினைவிற் கொள்க.

4. சான்று

புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் இயற்கையாக வளர்வதில்லை. அங்கு கொண்டுசென்று நட்ட நாற்றுகள் நலிந்து போயின. 1950களில் பைன் காட்டு மண்ணை இட்ட பின்னரே அவை செழித்தன. அம்மண்ணோடு வந்த பங்கசே இதற்குக் காரணம்.

5. மாதிரி வினா

வினா: அவரையின் வேர்முடிச்சுக்கும் பைனின் வேர்ப்பங்கசுக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.

விடை:
(i) வேர்முடிச்சில் வாழ்வது பற்றீரியா, மற்றையதில் பங்கசு.
(ii) வேர்முடிச்சுப் பற்றீரியா வளிமண்டல நைதரசனைப் பதிக்கும். வேர்ப்பங்கசு மண்ணிலுள்ள நைதரசனையே உறிஞ்சிக் கொடுக்கும்.

கவனிக்க: இரண்டாவது விடையிலேயே பலர் தடுமாறுவர். "வேர்ப்பங்கசு நைதரசனைப் பதிக்கும்" என எழுதினால் புள்ளி கிடையாது. அதனை "ஒட்டுண்ணி" எனவும் எழுதாதீர்கள். இருவரும் நன்மை பெறுவதால் இது ஒன்றியவாழ்வு. விடையில் இரு பக்க நன்மையையும் எழுதினாலே அது முழுமையாகும்.