வாய் சொல்கிறது, கை ஏன் எழுதவில்லை?

ஐந்தாம் வகுப்பில் நீர்வளம் பற்றிய பாடம். பிளவக்கல் அணைத் தண்ணீர் கண்மாய்களுக்கு வந்து சேரும் விதத்தை ஒரு மாணவன் தடையின்றிச் சொன்னான். அதையே எழுதச் சொன்னபோது 'கொக்கு' 'கெக்கு' ஆனது. 'மடை' 'மட' ஆனது. கவனக்குறைவு என்று முடிவு கட்டி, பிழைகளைப் பத்து முறை எழுத வைத்தேன். பத்து முறையும் பிழையாகவே எழுதினான். அதன்பின் வகுப்பில் அவன் கை உயர்த்துவதே நின்றுபோனது. தவறு என்னுடையது.

டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு சோம்பலும் அன்று, அறிவுக்குறைவும் அன்று. சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு இணைப்பதில் உள்ள சிரமம் அது. தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' எழுதக் குறிகள் இருபுறமும் வேண்டும். இந்தக் குழப்பமும், புள்ளி விடுபடுவதும், ல, ள, ழ மாறுவதும் தொடக்கத்தில் எல்லாக் குழந்தைகளிடமும் உண்டு. போதிய பயிற்சிக்குப் பின்னும் அவை நீடித்து, பேச்சுக்கும் எழுத்துக்கும் பெரிய இடைவெளி தெரிந்தால் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை:

1. ஒலி விளையாட்டு: 'பட்டம்' சொல்லில் 'ப'வை எடுத்து 'வ'வை வைத்தால் என்ன வரும்?
2. கொம்பு, கால் குறிகளைத் தனி வண்ணத்தில் காட்டி, மணலில் விரலால் எழுத வைத்தல்.
3. முன்தயாரிப்பின்றி வகுப்பின் முன் உரக்க வாசிக்கச் சொல்லாமை.
4. கரும்பலகையைப் பார்த்து எழுதும் அளவைக் குறைத்து, விடைகளை வாய்மொழியாகவும் கேட்டல்.

முதலில் பார்வையையும் செவித்திறனையும் சோதிக்கச் செய்வோம். பிறகு வட்டார வள மையச் சிறப்பாசிரியரை அணுகுவோம். குறைபாட்டை உறுதி செய்வது வல்லுநர் பணி. நாம் பெயர் சூட்ட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதை விரைவில் கண்டறிந்து, ஏற்ற கற்பித்தல் முறைகளைக் கையாளவும் அச்சட்டம் சொல்கிறது. உரிய சான்று பெற்றவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் பெற்றோருக்கு இதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த மாணவனை மீண்டும் கண்மாய்க் கதை சொல்லச் சொன்னேன். அவன் சொன்ன சொற்களையே பெரிய எழுத்தில் எழுதித் தந்தேன். விரல் வைத்து, தயங்கித் தயங்கி வாசித்தான். சொந்தச் சொற்கள் என்பதால் பாதியில் நிறுத்தவில்லை. மறுநாள் அவன் கை உயர்ந்தது.