பழைய சிறு காரில் இழந்த இழுவையை மீட்பது எப்படி?

கார்க் கடன் கேட்டு வங்கிக்கு வருவோரில் ஒரு சாரார் புதிய வண்டியின் மீதுள்ள ஆசையால் வருவதில்லை. இருக்கும் வண்டி மேடேற மறுக்கிறது, ஏ.சி. போட்டால் இழுவையே இல்லை என்பதே அவர்கள் கூறும் காரணம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய மாருதி 800, ஆல்டோ முதலிய சிறு வண்டிகளை வைத்திருப்போரே இவர்களில் மிகுதி. கடன் வழங்குவது எங்கள் தொழில்தான். ஆயினும் ஏழாண்டுத் தவணைக்குக் கையெழுத்திடுமுன், பழைய வண்டி உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா, அல்லது கவனிப்பின்றித் தளர்ந்திருக்கிறதா என்பதை அறிந்துகொள்வது நல்லது. இரண்டுக்கும் அறிகுறிகள் ஒன்றுபோலவே இருக்கும். செலவு மட்டும் பெரிதும் வேறுபடும்.

1983 டிசம்பரில் அறிமுகமாகி 2014 தொடக்கம் வரை உற்பத்தி செய்யப்பட்ட மாருதி 800-ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் 796 சி.சி. கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் உடையது. பரவலாக விற்ற வடிவத்தின் ஆற்றல் ஏறத்தாழ 37 குதிரைத்திறன். வண்டியின் எடை சுமார் 650 கிலோ. அறுபது கிலோ எடையுள்ள ஓட்டுநர் ஒருவர் மட்டும் இருக்கையில் ஒரு டன்னுக்கு 52 குதிரைத்திறன் கிடைக்கிறது. அதே எடையுள்ள மூவர் கூடுதலாக ஏறியதும் அது 42-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. பயணிகள் ஏறியதாலேயே ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. இவ்வளவு சிறிய எஞ்சினில் எங்கோ ஓரிடத்தில் ஐந்தாறு குதிரைத்திறன் வீணானால், மேலும் மூவர் ஏறியதுபோல வண்டி திணறும். பெரிய காரில் அதே இழப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை.

வணிகவியல் படித்தவர்களுக்குப் பழகிய பாடம் இங்கும் பொருந்தும். நிறுவனத்தின் இலாபத்தைக் கூட்ட விற்பனையைப் பெருக்குவது ஒரு வழி. வீண்செலவை அடைப்பது மற்றொரு வழி. முதலாவதற்கு மூலதனம் வேண்டும். இரண்டாவதற்குக் கணக்கைக் கூர்ந்து பார்க்கும் பொறுமை போதும். பழைய சிறு காருக்கு ஏற்றது இரண்டாவது வழியே.

முதலில் அளவிடுங்கள்

பட்டறைக்குச் செல்லுமுன் இருப்புநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். டாங்கியை முழுதும் நிரப்பி, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில் மீண்டும் முழுதும் நிரப்பினால், ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்து உண்மையான மைலேஜை அறியலாம். இதை மும்முறை செய்து சராசரி காண்க. அடுத்து, வழக்கமாகச் செல்லும் ஒரு மேட்டில் எந்த கியரில், எத்தனை பேருடன், எந்த வேகத்தில் ஏறுகிறது என்று எழுதி வையுங்கள். பழுது பார்த்தபின் அதே மேட்டில், அதே சுமையுடன் ஓட்டிப் பார்க்காமல் "இப்போது நன்றாக இருக்கிறது" என்று மெக்கானிக் கூறுவதை ஏற்க வேண்டியதில்லை.

மூன்றாவது சோதனைக்குக் காசே வேண்டாம். சமதளத்தில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, கைபிரேக்கை விடுவித்து, ஒருவரே தள்ளிப் பார்க்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள 650 கிலோ வண்டி எளிதாக உருளும். தள்ளுபவர் முக்கி முனகினால் குறை எஞ்சினில் இல்லாமலும் இருக்கலாம். என் அனுபவத்தில் மிக அரிதாகச் செய்யப்படுவதும், மிகுதியான பயன் தருவதும் இச்சோதனைதான்.

நான் புனே நகரக் கிளையில் பணியாற்றியபோது, மும்பையிலிருந்து திரும்புகையில் கண்டாலா மலைப்பாதையில் தம் பழைய வண்டி இரண்டாம் கியரிலேயே ஏறுகிறது என்று கூறி வாடிக்கையாளர் ஒருவர் கடன் விண்ணப்பம் பெற்றுச் சென்றார். எஞ்சினை முழுதும் பிரிக்க வேண்டும் என்று அவருடைய பட்டறையில் கூறியிருந்தார்களாம். வேறொரு மெக்கானிக் பார்த்தபோது, முன்சக்கர பிரேக் காலிப்பர் ஒன்றின் பின்கள் துருவேறி இறுகியிருந்தன. மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே இருந்தது. கைபிரேக் கேபிளும் முழுதாக விடுபடவில்லை. பிரேக்கைப் பாதி அழுத்தியபடியே அவர் மலையேறிக்கொண்டிருந்தார் என்பதுதான் உண்மை. பின்களைச் சுத்தம் செய்து, மசகிட்டு, கேபிளை மாற்றியபின் வண்டி மூன்றாம் கியரில் ஏறியது. விண்ணப்பம் திரும்பி வரவேயில்லை. கிளை மேலாளருக்கு அதில் சற்று வருத்தம்தான்!

இதை வீட்டிலேயே கண்டறியலாம். பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுசென்று பாருங்கள். டிஸ்கைத் தொடக் கூடாது. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கேதான் உங்கள் பெட்ரோல் எரிகிறது. டயரின் காற்றழுத்தமும் சக்கர அலைன்மென்டும் இதே கணக்கில் சேரும். அழுத்தத்தைக் கதவோரத்தில் ஒட்டியுள்ள அளவின்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புக. அழகுக்காக அகலமான டயர் போட்டிருந்தால் பழைய அளவுக்கே திரும்புவது நல்லது. வெளிவட்டம் பெரிதான டயர் கியரைக் கடினமாக்குவதற்கு ஒப்பாகும்.

எஞ்சினில் பார்க்க வேண்டியவை

எஞ்சினுக்குச் செலவிடுமுன் சிலிண்டர் அழுத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். கடன் தகுதியை ஆராயாமல் நாங்கள் கடன் வழங்குவதில்லை, அதுபோலத்தான் இதுவும். மூன்று சிலிண்டர்களின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எஞ்சின் உடல்நலத்தோடு இருக்கிறது. ஒன்று மட்டும் மிகக் குறைவாயின், அதில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் சோதிப்பார்கள். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராவிட்டால் வால்வில் குறை. முன்னது பெருஞ்செலவு. பின்னது சில வேளைகளில் டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்வதோடு முடிந்துவிடும். வால்வு தன் இருக்கையில் தேயத் தேய அந்த இடைவெளி சுருங்கி, வால்வு முழுதும் மூடாமல் அழுத்தம் கசிகிறது. சத்தமிடும் டாப்பெட்டைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். சத்தமே இல்லாத இறுக்கமான டாப்பெட்தான் கூடுதலாகக் கெடுக்கிறது.

தெர்மோஸ்டாட்டைப் பற்றித் தனியாகக் கூற வேண்டும். எப்போதோ ஒரு கோடையில் எஞ்சின் கொதித்திருக்கும். அன்று மெக்கானிக் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனிச் சூடாகாது" என்று அனுப்பியிருப்பார். நம் நாட்டில் இப்பழக்கம் பரவலானது. அதன் பின் எஞ்சின் தனக்குரிய வெப்பநிலையை எட்டவே நெடுநேரம் ஆகும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று உணரி தெரிவிக்க, பெட்ரோல் கூடுதலாகச் செலுத்தப்படுகிறது. ஆயில் இளகாமல் உராய்வு மிகுகிறது. எரியாத பெட்ரோல் ஆயிலோடு கலக்கிறது. காலை நேரத்தில் பல கிலோமீட்டர் ஓடியும் வெப்பமானியின் முள் நடுப்பகுதிக்கு வராவிட்டால் இதை ஐயுறலாம். தெர்மோஸ்டாட் விலை மலிவான பொருள். அதை மீண்டும் பொருத்துமுன், அன்று கொதித்ததற்கான காரணத்தை, அதாவது அடைபட்ட ரேடியேட்டரையோ ஓடாத விசிறியையோ, சரிசெய்துவிட வேண்டும்.

ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிளக் வயர் ஆகியவற்றைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. உரிய காலத்தில் மாற்றினால் போதும். ஆனால் ஒன்று: மிதியை முழுதும் அழுத்தும்போது த்ராட்டிலும் முழுதும் திறக்கிறதா என்று ஒருவரை பானட்டின் அருகே நிற்கவைத்து, எஞ்சினை அணைத்த நிலையில் பாருங்கள். கேபிள் தளர்ந்திருந்தாலும், காலடியில் தடித்த விரிப்பு இருந்தாலும் அது முழுதும் திறப்பதில்லை. விரிப்பை எடுத்ததும் காரின் வேகம் கூடிய விந்தையைக் கேட்டிருக்கிறேன்.

மைலேஜ் குறைவுக்கு இப்போது பலரும் எத்தனால் கலந்த பெட்ரோலைக் காரணம் காட்டுகின்றனர். லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆகவே 20 விழுக்காடு கலந்தால் மொத்தக் குறைவு ஆறு ஏழு விழுக்காடு. ஏற்கெனவே 10 விழுக்காடு கலந்த பெட்ரோல் போட்டு வந்தவருக்குப் புதிதாக ஏற்படுவது அதில் பாதியே. உங்கள் மைலேஜ் நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தால் குற்றவாளி வேறெங்கோ இருக்கிறார். எனினும் பழைய வண்டிகளில் பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது பாதுகாப்பு. பெட்ரோல் கசிவு தீ விபத்துக்கு இட்டுச்செல்லும்.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், ஓசை மிகுந்த சைலன்சர் ஆகியவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். எஞ்சினில் தட்டும் ஓசை இல்லாதபோது, உயர் ஆக்டேன் பெட்ரோலும் அதற்குக் கூடுதல் வலுவைத் தராது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணாகலாம். காப்பீட்டு இழப்பீடு கோரும்போது அதுவே தடையாகவும் வரலாம்.

எவ்வளவு செலவிடலாம்?

"வண்டியே அறுபதாயிரம்தான் போகும், அதற்கு இருபத்தைந்தாயிரம் செலவா?" என்று கேட்பது இயல்பு. ஆனால் அந்த ஒப்பீடு தவறானது. பழுதுச் செலவை மாற்று வழியின் செலவோடுதான் ஒப்பிட வேண்டும். ஆறு இலட்சம் ரூபாய்க் காருக்கு ஐந்து இலட்சம் கடன், வட்டி 9.5 விழுக்காடு, காலம் ஏழாண்டு எனக் கொள்வோம். மாதத் தவணை சுமார் 8,170 ரூபாய். முதலாண்டில் மட்டும் வட்டி ஏறத்தாழ 45,000. வாகனக் காப்பீட்டில் பின்பற்றப்படும் தேய்மான அட்டவணையின்படி ஓராண்டில் மதிப்பு 15 விழுக்காடு, அதாவது 90,000 குறைகிறது. ஆக முதலாண்டின் விலை 1,35,000 ரூபாய். மறுபுறம், பழைய வண்டியின் மைலேஜ் 12-இலிருந்து 16-ஆக மீண்டால், மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏறக்குறைய 17 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றால், இருபத்தைந்தாயிரம் ரூபாய் பதினைந்து மாதங்களில் திரும்பிவிடும்.

இக்கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. பிஸ்டன் வளையம் தேய்ந்து, அதோடு அடித்தட்டும் ஜாக்கி வைக்கும் இடங்களும் துருப்பிடித்திருந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்; தனிநபர் கடன் வாங்கி எஞ்சின் பிரிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. மாருதி 800-இல் காற்றுப்பையும் இல்லை, ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லை. குடும்பத்தோடு நாள்தோறும் நெடுஞ்சாலையில் செல்பவருக்கு, இழுவை எவ்வளவு மீண்டாலும் இக்குறை தீராது. அத்தகையவர் காற்றுப்பைகள் உள்ள வண்டிக்குக் கடன் பெறுவதே முறை. தவணைக்கு அஞ்சி அதைத் தள்ளிப்போட வேண்டாம். ஊருக்குள் குறைந்த வேகத்தில், பள்ளிக்கும் சந்தைக்கும் செல்லும் வண்டியின் கதை வேறு.

பதிவுச் சான்றின் தேதியையும் பார்த்துவிடுங்கள். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுகிறது. 600 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆயிற்று. பசுமை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தில்லித் தலைநகர வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தால், அந்தத் தகுதிச் சோதனையில் வண்டி தேறுமா என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, மேற்கூறிய வேலைகளை அதன்பின் தொடங்குங்கள்.