அச்சத்தின் முகங்கள்

நுழையும்முன்

பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியே செல்லும்போது பெற்றோர் எவற்றை எண்ணி அஞ்சுகின்றனர்? எவற்றை எண்ணிப் பார்க்காமலே விட்டுவிடுகின்றனர்? அந்தத் தேர்வு எவ்வாறு நிகழ்கிறது என்பதை இவ்வுரைநடை ஆராய்கிறது.

காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாயிலில் நின்றால் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். இருசக்கர வண்டி ஒன்று வந்து நிற்கும். பெட்ரோல் டேங்கின்மேல் ஒரு பிள்ளை, பின்னால் இரு பிள்ளைகள். எவர் தலையிலும் தலைக்கவசம் இராது. நான்கு வயதைக் கடந்த எவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது சட்டம். பிள்ளைகளை இறக்கிவிட்ட தந்தை, "யார் எது கொடுத்தாலும் வாங்கித் தின்னக் கூடாது" என்று எச்சரித்துவிட்டுப் புறப்படுவார். அவரது அன்பில் குறையேதும் இல்லை. ஒரு காலத்தில் நானும் என் மகளை அவ்வாறே ஏற்றிச் சென்றவன்தான்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களங்களாக நான்கினைக் கூறுகிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்நான்கிற்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. ஒவ்வொன்றையும் நோக்கம் உடையதாகவும் நம்மை நாடி வருவதாகவும் மனத்தால் உருவகிக்க இயலும். நீர்நிலையும் வழுக்குப் பாறையும் அவற்றுள் இடம்பெறவில்லை. தொல்காப்பியர் கூறியது மெய்ப்பாட்டின் இலக்கணமே. எதற்கு அஞ்ச வேண்டும் என்னும் அறிவுரை அன்று. எனினும், இன்றைய பெற்றோரின் கவலைகளைத் தொகுத்தால் ஏறத்தாழ அதே பட்டியல் கிடைக்கிறது: கண்ணேறு, தெருநாய், பிள்ளை பிடிப்பவர், தலைமையாசிரியர்!

இதற்கு உளவியல் தரும் விளக்கம் கருதத்தக்கது. ஓர் இடர் எத்தனை முறை நிகழ்கிறது என்று மனிதர் கணக்கிடுவதில்லை. அதற்கான எடுத்துக்காட்டு எவ்வளவு விரைவாக நினைவுக்கு வருகிறது என்பதையே அளவுகோலாகக் கொள்கின்றனர் என 1973ஆம் ஆண்டில் அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் ஆகியோர் விளக்கினர். தம் கட்டுப்பாட்டில் இல்லாத இடர்களே மக்களுக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன என்பதைப் பால் சுலோவிக்கின் ஆய்வுகள் காட்டின. வண்டியின் கைப்பிடி தந்தையின் கையில் இருக்கிறது. ஆதலின் சாலை அவருக்கு இடராகத் தெரிவதில்லை. ஆனால், 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். உலகெங்கும் 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்பிற்கு முதன்மைக் காரணம் சாலை விபத்தே என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம்.

முகமுள்ள அச்சம் எதுவரை செல்லும் என்பதற்கு 2018ஆம் ஆண்டு சான்றாகும். பிள்ளை கடத்தும் கும்பல் ஊருக்குள் புகுந்துவிட்டதாக வாட்ஸ்அப் வழியே வதந்திகள் பரவியிருந்த காலம் அது. அவ்வாண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் மூதாட்டி, வழியில் கண்ட சிறுவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடியது, அடித்தது, அவர் உயிரிழந்தார். பிள்ளைகளைக் காக்கிறோம் என்னும் எண்ணமே ஒரு பாட்டியைக் கொன்றது.

அயலாரிடம் எச்சரிக்கை வேண்டாம் என்பதன்று. ஆனால், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுள் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றவாளி அக்குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. "தெரியாதவரிடம் பேசாதே" என ஆயிரம் முறை கேட்ட குழந்தை, தெரிந்தவர் தவறிழைக்கும்போது யாரிடம் சொல்வது என்பதை ஒருமுறையேனும் கேட்டிருக்கிறதா? 1098 என்னும் உதவி எண்ணை எத்தனை வீடுகளில் சொல்லிக் கொடுத்திருக்கின்றனர்?

சில வேளைகளில் அச்சமே இடரை வளர்த்தும் விடுகிறது. முன்பெல்லாம் கிணற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் கோடை விடுமுறை என்றாலே நீச்சல்தான். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, தந்தையோ தாய்மாமனோ பிள்ளையைக் கிணற்றில் இறக்குவார். சுரைக்குடுக்கை இல்லாமல் ஒரு சுற்று நீந்திக் கரையேறும்வரை அவர் பார்வை விலகாது. இன்று, "கிணற்றுப் பக்கமே போகாதே" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பிள்ளை போகாமல் இருப்பதில்லை, சொல்லாமல் போகிறது. கல்குவாரிக் குட்டையில் குளிக்கச் சென்ற மாணவர்கள் மூழ்கினர் என்னும் செய்தியைக் கோடைதோறும் நாளிதழில் படிக்கிறோம். நீரை விலக்கினோம், நீந்தக் கற்பிக்கும் மாமனையும் சேர்த்து விலக்கிவிட்டோம்.

மகளுக்கும் மகனுக்கும் அச்சத்தை ஒரே அளவில் பங்கிடாத வீடுகள் உண்டு. பதினாறு வயது மகள் சிறப்பு வகுப்பு முடிந்து மிதிவண்டியில் திரும்பக் கால் மணி நேரம் தாழ்ந்தால் தெருமுனையில் தாய் நிற்பார். அதே வயது மகன் கேட்டவுடன் மோட்டார் சைக்கிள் சாவி கிடைத்துவிடும். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கிறது. சாவியைக் கொடுக்கும் கை அதனை நினைப்பதில்லை. தண்டத்தை விடுங்கள், அந்த மகன் திரும்பி வரும்வரை தெருமுனையில் எவரும் நிற்பதில்லை.

கற்பவை கற்றபின்

வீட்டில் உங்களிடம் கூறப்படும் எச்சரிக்கைகளை ஒரு வாரம் குறித்து வையுங்கள். அவற்றுள் எவை தொல்காப்பியர் கூறும் நான்கினுள் அடங்குகின்றன, எவை அடங்கவில்லை என்பதைப் பெற்றோருடன் அமர்ந்து பேசுங்கள்.