பால் நமக்கு, பாலித்தீன் மாட்டுக்கா?



பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் போகும் சி.டி.எச். ரோட்டில் மாடுகள் படுத்திருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் அவை சொந்தக்காரர் உள்ள மாடுகள்தான். பாலைக் கறந்துவிட்டு, "அதுவே மேய்ஞ்சுட்டு வந்துடும்" என்று அவிழ்த்து விடுகிறார்கள். ரோட்டில் புல் ஏது? குப்பைத்தொட்டிதான் இருக்கு.

பசுவின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. அது இரையைச் சரியாக மெல்லாமல் விழுங்கி, முதல் அறையில் சேர்த்து வைத்து, பிறகுதான் அசைபோடும். அதனால் மிச்சச் சோறு கட்டிப் போட்ட கேரி பேக்கைப் பையோடு விழுங்கிவிடும். பாலித்தீன் செரிக்காது. உள்ளேயே சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். மாடு தீனி எடுக்காது, இளைக்கும், பாலும் குறையும். பிறகு ஆபரேஷன் செய்துதான் எடுக்கணும். ஆணி, கம்பியை விழுங்கினால் அது இரண்டாம் அறையைக் குத்தி இதயம் வரைக்கும் போகலாம். லாரியில் அடிபடும் ஆபத்து வேறு.

வளர்ப்பவர் போதிய தீனி, தண்ணீர், இருப்பிடம் தராவிட்டால் 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவின்படி குற்றம். ஆனால் முதல் தடவை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான்! இதற்கு யார் பயப்படுவாங்க?

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசிக் கும்பிட்டுவிட்டு, மறுநாளே ரோட்டில் விடுவது என்ன நியாயம்? கட்டி வைத்துத் தீனி போட முடியாதவர்கள் மாடு வளர்க்கவே கூடாது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக்குக்குத் தடை. நாமும் மிச்சச் சோற்றைப் பையில் கட்டி வீசாமல் இருப்போம்!

வாயில்லா ஜீவனைக் காப்போம்!