இரங்கல் யாருக்கு?

அன்புள்ள மகனுக்கு,

உங்கள் அலுவலக அண்ணாச்சியின் மறைவுக்கு நீ எழுதிய இரங்கல் கடிதத்தைப் படித்தேன். அனுப்புமுன் என்னிடம் காட்டியது நல்லதாயிற்று.

‘மறைந்த அன்னாருக்கு ஆழ்ந்த இரங்கல்’ என்று தொடங்கியிருக்கிறாய். இன்று பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. இறந்தவருக்குச் செலுத்துவது அஞ்சலி. இரங்கலைத் தெரிவிப்பது அவரை இழந்து நிற்பவர்களுக்கு. அந்த மதினியையும் பிள்ளைகளையும் பார்த்துப் பேசுகிற மாதிரி எழுது. ‘அனுதாபம்’ வேண்டாம். பிழையான சொல் இல்லைதான்; ஆனால் அனுதாப ஓட்டு, அனுதாப அலை என்று தேர்தல் பேச்சில் அடிபட்டு அதன் ஈரம் வற்றிவிட்டது.

தொல்காப்பியத்தில் இரங்கல் நெய்தலுக்கு உரிய பொருள், பிரிவு தாளாத தலைவியின் வருத்தம். சாவின் துயரைப் பாடப் புறத்தில் கையறுநிலை என்று தனித் துறையே உண்டு. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்றின் 235ஆம் பாட்டை எடுத்துப் படி. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, உடனிருந்து மகிழ்ந்து உண்பான். என் தலையைத் தடவிக் கொடுப்பான் என்கிறார். அவன் பெருமைக்கு இதைவிடப் பெரிய செய்திகள் அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் இவற்றைச் சொன்னார். அதனால்தான் அந்த மனிதன் இன்றும் நம் கண்ணில் நிற்கிறான்.

உன் கடிதத்தில் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ இருக்கிறது, அண்ணாச்சி இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களின் கணக்குப் பிழையை மேலதிகாரி பார்க்குமுன் சத்தமில்லாமல் திருத்திக் கொடுப்பார் என்று போனில் சொன்னாயே, அதை எழுது. வீட்டார் அறியாத அவர் முகம் அது. ‘காலம் ஆற்றும்’ என்ற வரியை அடித்துவிடு. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் இன்றைக்குச் சொல்கிற பேச்சா அது? அதற்குப் பதில், வாரிசுச் சான்றிதழ் வாங்கவும் குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் எழுதவும் நீ கூட வருவதாக எழுது. எழுதினால் போய் நிற்க வேண்டும்.

கடிதத்தைத் தபாலில் போடாதே. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே நேரில் போய்க் கேதம் கேட்டுவிட்டுக் கையில் கொடு. கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லிவிடாதே. பேசாமல் எழுந்து வா.

இப்படிக்கு,
உன் பெரியப்பா